கூட்டுப்புழு முதல் பறக்கவிடுவது வரை: சென்னை வீட்டில் வண்ணத்துப்பூச்சி வளர்ப்பு

சென்னையில் மொட்டைமாடியிலோ பால்கனியிலோ தொட்டியில் கறிவேப்பிலை வளர்ப்பவர்கள், இலையைக் கடித்துத் தின்னும் பச்சைப் புழுவைப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டார்கள். கொழுத்துத் திரிந்த அந்தப் புழு திடீரென்று ஒருநாள் காணாமல் போகும். சில நாள் கழித்துத் தொட்டியின் விளிம்பிலோ, துணி உலர்த்தும் கொடிக்கம்பியிலோ, சுவர் மூலையிலோ காய்ந்த இலைச் சுருளைப் போன்ற ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பது கண்ணில் படும். அதுதான் கூட்டுப்புழு. பலர் அதைக் குப்பையென்று நினைத்துத் துடைப்பத்தால் தட்டிவிடுகிறார்கள். ஆர்வமுள்ள சிலர் அதைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு மூடி வைத்துவிட்டு, பூஞ்சை பிடித்த பிறகு வருந்துகிறார்கள். இந்த வழிகாட்டி அந்த இரண்டாம் வகையினருக்காக எழுதப்பட்டது.

முதன்முறையாக வண்ணத்துப்பூச்சி வளர்ப்பவர் முட்டையிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. கூட்டுப்புழுவிலிருந்து தொடங்குவதே எளிது. புழுவாக இருக்கும்போது நாள்தோறும் புதிய இலை வேண்டும், கழிவை அகற்ற வேண்டும், நோய் தொற்றாமல் காக்க வேண்டும். கூட்டுப்புழுவோ தின்பதுமில்லை, குடிப்பதுமில்லை. ஆனால் அதனால் ஓடி ஒளியவும் முடியாது. எறும்பு வந்தாலும் நச்சுப்புகை வந்தாலும் இருந்த இடத்திலேயே கிடக்க வேண்டியதுதான். ஆகவே வளர்ப்பவரின் வேலையில் முக்கால் பங்கு சரியான இடத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே முடிந்துவிடுகிறது. மீதிக் கால் பங்கு, கையை வைத்துக்கொண்டு சும்மா இருப்பது. பின்னதுதான் பலருக்குக் கடினமாக இருக்கிறது.

எந்தச் செடியில் எதைத் தேடுவது

கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை, வில்வம் ஆகிய செடிகளில் எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி என்னும் வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிடுகின்றன. சென்னை வீடுகளில் முதலில் கிடைப்பவை பெரும்பாலும் இவை இரண்டுதான். இவற்றின் புழுக்கள் சிறியவையாக இருக்கும்போது பறவை எச்சத்தைப் போலவும், வளர்ந்தபின் இலைப்பச்சை நிறத்திலும் இருக்கும். தொந்தரவு செய்தால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு கொம்புகளை நீட்டிக் கார வாடை வீசும். கூட்டுப்புழு சாய்ந்து நின்றபடி, தலை மேல்நோக்கியிருக்க, இடுப்பில் ஒரு பட்டு நூலைப் பெல்ட்டைப் போலக் கட்டிக்கொண்டிருக்கும். பசிய தண்டில் ஒட்டியவை பச்சையாகவும், பட்டையிலோ சுவரிலோ ஒட்டியவை பழுப்பாகவும் இருப்பது வழக்கம். எனவே பழுப்பு நிறத்தைக் கண்டவுடன் செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

காலி மனைகளிலும் ரயில் பாதை ஓரங்களிலும் தானாக வளரும் எருக்கஞ்செடியில் வெந்தய வரியனின் கூட்டுப்புழு தலைகீழாகத் தொங்கும். அது வெளிர்பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ, சிறு பொற்புள்ளிகளுடன் காணப்படும். அரளிச் செடியில் வெண்புள்ளிக் கருப்பன் தொங்கவிடும் கூடு இவை எல்லாவற்றையும் விட வியப்பூட்டுவது. அது பொன்னையும் வெள்ளியையும் உருக்கி வார்த்ததுபோல் பளபளக்கும். அருகில் சென்றால் நம் முகமே அதில் தெரியும். சரக்கொன்றையின் இலைக்கடியில் கொன்னை வெள்ளையனின் கூட்டுப்புழு மெல்லிய பச்சை இலையைப் போல, ஒரு முனை கூராக, இடுப்புநூலுடன் இருக்கும்.

எருக்கஞ்செடியைத் தொடுபவர்கள் ஒரு செய்தியை மறக்கக் கூடாது. அதன் பால் கண்ணில் பட்டால் கருவிழிப் படலம் வீங்கிப் பார்வை மங்கக்கூடும். குழந்தைகளை அழைத்துச் சென்றால் இலையைப் பறிக்கும் வேலையைப் பெரியவர்களே செய்து, கையைச் சோப்பால் கழுவிய பிறகே வேறெதையும் தொட வேண்டும்.

நந்தியாவட்டையில் விரல் தடிமனுக்கு வளர்ந்து, வால்பக்கம் கொம்போடு திரியும் புழு வண்ணத்துப்பூச்சியினுடையது அன்று. அது ஒருவகைப் பருந்து விட்டில். அது செடியை விட்டுக் கீழிறங்கி, தரையிலுள்ள சருகுக்குள் கூட்டுப்புழுவாகும். அதையும் வளர்க்கலாம், ஆனால் இங்கே சொல்லப்படும் முறை அதற்குப் பொருந்தாது. பஞ்சு போன்ற பட்டு உறைக்குள் இருப்பவையும் விட்டில்களே. மேலே சொன்ன வண்ணத்துப்பூச்சிகளின் கூட்டுப்புழுக்களுக்கு அத்தகைய உறை கிடையாது.

எடுக்கலாமா, விட்டுவிடலாமா

பாதுகாப்பான இடத்தில் இருக்கும் கூட்டுப்புழுவை எடுக்காமல் விட்டுவிடுவதே நல்லது. வீட்டுக்குள் கொண்டுவர வேண்டிய நேரங்கள் தனியாக உண்டு: சுவருக்கு வெள்ளையடிக்கப் போகிறார்கள், வேலியை வெட்டப் போகிறார்கள், இரும்புக் கதவின் கீலுக்கருகில் புழு கூடு கட்டியிருக்கிறது, எறும்புச் சாரை அருகில் ஓடுகிறது, அல்லது கறிவேப்பிலைத் தொட்டியையே இடம் மாற்றியாக வேண்டும். குழந்தைகளுக்குக் காட்டுவதற்காக ஒன்றிரண்டை வளர்ப்பதிலும் தவறில்லை. பத்துப் பதினைந்து என்று சேர்த்து ஒரே கூண்டில் நெருக்கி வைப்பதுதான் தவறு. ஒன்றுக்கு வந்த நோய் எல்லாவற்றுக்கும் பரவிவிடும்.

கிண்டி தேசியப் பூங்காவிலிருந்தோ நன்மங்கலம் காப்புக்காட்டிலிருந்தோ புழுவையும் கூட்டுப்புழுவையும் மட்டுமல்ல, ஓர் இலையைக்கூட எடுத்துவரக் கூடாது. சட்டம் அதை அனுமதிப்பதில்லை. ஆடுதீண்டாப்பாளையிலும் ஈசுவரமூலியிலும் வளரும் சிவப்புடல் அழகி, 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இடம்பெற்ற இனம். ஆகவே அதன் கூட்டுப்புழு வீட்டுத் தோட்டத்திலேயே இருந்தாலும் இருந்த இடத்தில் விட்டுவிட்டுத் தள்ளி நின்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வெளியூரிலிருந்து கூட்டுப்புழுக்களை விலைக்கு வாங்கிச் சென்னையில் பறக்கவிடுவதும் வேண்டாம். அவற்றோடு சேர்ந்து நோயும் ஊர் மாறி வரும்.

புழுவாக இருக்கும்போதே உள்ளே எடுத்தால் என்ன பயன்

வெளியில் கண்டெடுத்த கூட்டுப்புழுவிலிருந்து சில சமயம் வண்ணத்துப்பூச்சிக்குப் பதிலாக வேறொன்று வெளிவரும். அப்போதுதான் தோலுரித்து மென்மையாக இருக்கும் கூட்டுப்புழுவின் மேல் சிறு ஒட்டுண்ணிக் குளவிகள் வந்தமர்ந்து, உள்ளே முட்டையிட்டுவிடுகின்றன; அந்த முட்டைகளிலிருந்து வரும் குஞ்சுகள் உள்ளிருப்பதைத் தின்று வளர்ந்து, கூட்டில் குண்டூசி முனை அளவு துளையிட்டுக் கூட்டமாக வெளியேறுகின்றன. இன்னொரு வகை ஈ, புழு உயிரோடு இருக்கும்போதே அதன்மேல் முட்டையிடும். அதன் குஞ்சுகள் கூட்டுப்புழுவைத் துளைத்துக்கொண்டு வெளியேறி, மெல்லிய வெண்ணிற இழையைப் பிடித்தபடி கீழே இறங்கும். முதலில் பார்ப்பவர்களுக்கு இது அருவருப்பாக இருக்கும். ஆனால் தோட்டத்தில் புழுக்களின் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைப்பவை இவைதாம். இவற்றை மருந்தடித்து ஒழிக்க முயன்றால் வண்ணத்துப்பூச்சியும் சேர்ந்தே ஒழியும்.

எனவே வாய்ப்பிருந்தால், புழு தின்பதை நிறுத்தும் கட்டத்திலேயே அதைக் கூண்டுக்குள் சேர்த்துவிடலாம். அந்தக் கட்டத்தை அறிவது எளிது. அதுவரை உருண்டை உருண்டையாக விழுந்த கழிவு, ஒருமுறை மட்டும் நீர்த்துப்போய் வெளியேறும். அதற்குப் பின் புழு நிறம் மங்கி, உடல் சற்றுச் சுருங்கி, ஓரிடத்தில் நில்லாமல் அலையும். அப்போது ஒரு குச்சியையும் அதன் உணவுச்செடியின் சிறு கிளையையும் கூண்டுக்குள் சாய்த்து வைத்தால் போதும், இடத்தை அதுவே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். அழகி இனங்கள் இடுப்புநூல் கட்டிச் சாய்ந்திருக்கும். வரியனும் கருப்பனும் பின்னங்காலால் பற்றித் தலைகீழாக, தூண்டில் முள்ளைப் போல வளைந்து தொங்கும். அந்த நிலையில் தொடவோ, கூண்டை அசைக்கவோ கூடாது. தோலுரிந்து கூட்டுப்புழுவான பிறகும் ஒரு நாள் முழுவதும் தொடாமல் விட வேண்டும். மேலுறை இறுகுவதற்கு அவ்வளவு நேரம் தேவை.

அதுவரை கொடுக்கும் இலை வீட்டுச் செடியிலிருந்தே வர வேண்டும். சந்தையில் வாங்கிய கறிவேப்பிலை மருந்தடிக்கப்பட்டதாக இருக்கலாம். கழுவினாலும் மிச்சம் இருக்கும், புழு இறந்துவிடும். இயற்கையானதுதானே என்று வேப்பெண்ணெய் தெளிப்பவர்களும் உண்டு. வேப்பெண்ணெயிலுள்ள பொருள் பூச்சிகளின் தோலுரிப்பையே குலைப்பது என்பதால், அது தெளித்த இலையும் உதவாது.

கூண்டு

விலை கொடுத்து வாங்க வேண்டிய பொருள் இதில் அதிகம் இல்லை. அழுக்குத் துணி போடும் மடக்கு வலைக் கூடை, சாப்பாட்டு மேசையில் பாத்திரங்களை மூடும் பெரிய வலைமூடி, பக்கங்களை வெட்டி வலைத்துணி ஒட்டிய அட்டைப்பெட்டி இவற்றில் எதுவும் ஆகும். கொசுவலைத் துணி கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. மென்மையான நூல்வலையாக இருக்க வேண்டும். கம்பி வலையில் சிறகு கிழிந்துவிடும். அகலம் ஒன்றரை அடி, உயரம் இரண்டடி என்று வைத்துக்கொண்டால் நாலைந்து கூட்டுப்புழுக்களுக்குத் தாராளமாக இருக்கும்.

இதில் சமரசம் செய்துகொள்ளக் கூடாதது ஒன்றுண்டு. வெளிவரும் பூச்சி உடனே பற்றிக்கொண்டு ஏறிச் சிறகைக் கீழ்நோக்கித் தொங்கவிடுவதற்கு, சொரசொரப்பான செங்குத்துப் பரப்பும் அதன்கீழ் குறைந்தது நான்கு அங்குல வெற்றிடமும் வேண்டும். வழவழப்பான கண்ணாடிப் புட்டியிலும் பிளாஸ்டிக் டப்பாவிலும் வளர்த்தவை நொண்டிச் சிறகோடு முடிவது பெரும்பாலும் இதனால்தான். பூச்சி ஏற முயன்று வழுக்கி விழுந்துகொண்டே இருக்க, சிறகு மடிந்தபடியே காய்ந்துவிடுகிறது. கண்ணாடிப் புட்டியில் காற்றோட்டமும் இல்லை; கூட்டுப்புழு பக்கவாட்டிலுள்ள சிறு துளைகளால் மூச்சுவிடுகிறது என்பதை அதை மூடிவைப்பவர்கள் நினைப்பதில்லை.

கூண்டின் அடியில் பழைய செய்தித்தாளையோ மெல்லிய தாள் துவாலையையோ விரித்துவிட்டால் பிறகு சுத்தம் செய்வது எளிது.

இடம் மாற்றுவதும் தொங்கவிடுவதும்

கூட்டுப்புழுவை அது ஒட்டியிருக்கும் குச்சியிலிருந்து பிரிக்காமல், குச்சியோடு சேர்த்தே வெட்டியெடுப்பதுதான் முறை. குச்சியைக் கூண்டின் மேல்வலையில் நூலால் கட்டியோ, ஈரமணல் நிரப்பிய சிறு குவளையில் நட்டோ, முதலில் இருந்த அதே சாய்வில் நிறுத்தலாம். சுவரிலோ கம்பியிலோ ஒட்டியிருப்பதை எடுக்க வேண்டுமானால், அதன் வால்நுனி பதிந்திருக்கும் பட்டு மெத்தையைச் சிறிது ஈரமாக்கி, கூரில்லாத கத்தி முனையால் அந்தப் பட்டோடு சேர்த்துச் சுரண்டியெடுக்க வேண்டும். உடலைப் பிடித்து இழுத்தால் வால்நுனி முறிந்துவிடும். இடுப்புநூல் இருந்தால் அதைச் சிறு கத்தரியால் முதலில் வெட்டிவிட வேண்டும்.

தலைகீழாகத் தொங்கும் இனங்களுக்கு, எடுத்துவந்த பட்டுத் துண்டில் தையல் நூலைக் கட்டிக் கூண்டின் கூரையிலிருந்து தொங்கவிடலாம். பட்டு இல்லாமல் வால்நுனிக் காம்பு மட்டும் மிஞ்சியிருந்தால், ஒரு நூலின் முனையில் கடுகளவு ஃபெவிகால் வைத்து அந்தக் காம்பை மட்டும் ஒட்டி, காய்ந்த பின் தொங்கவிடலாம்; பசை உடலில் படக் கூடாது. அழகி இனங்களைத் தொங்கவிட வேண்டியதில்லை. தடித்த தாளைச் சுண்டல் பொட்டலம்போல் கூம்பாகச் சுருட்டி, அதைக் கூண்டின் பக்கவலையில் குத்தி, தலை மேலே இருக்கும்படி கூட்டுப்புழுவை அதில் நிறுத்தினால் போதும்.

இவை எதுவும் கைகூடவில்லையென்றால் பதற்றம் வேண்டாம். கூண்டின் தரையில் தாள் துவாலையை விரித்து, பக்கவலைக்கு நெருக்கமாகக் கூட்டுப்புழுவைக் கிடத்திவிடலாம். வெளிவரும் பூச்சி சிறிது நடந்து வலையைப் பற்றி ஏறிக்கொள்ளும்.

எங்கே வைப்பது

நல்ல வெளிச்சமும் காற்றும் வரும், ஆனால் நேர்வெயில் படாத இடம் வேண்டும். கத்திரி வெயில் நாட்களில் பால்கனியில் வைத்த கூண்டுக்குள் வெப்பம் தாங்க முடியாத அளவுக்கு ஏறும். மேற்குப் பார்த்த பால்கனி என்றால் மாலை வெயிலும் சேர்ந்துகொள்ளும். குளிர்சாதனம் ஓடும் அறையும் உகந்ததல்ல. அங்கே காற்று வறண்டிருப்பதால் மேலுறை இறுகிப் பூச்சி வெளிவரத் திணறும். கடலோர ஊர் என்பதால் சென்னையின் இயல்பான ஈரப்பதம் போதுமானது. கோடையில் மட்டும் நாளுக்கொரு முறை கூண்டின் வலைமேல் மெல்லிய தூறலாகத் தண்ணீர் தெளிக்கலாம். கூட்டுப்புழுவின் மேல் நீர்த்துளி நிற்கும்படி நனைத்தால் பூஞ்சை வரும்.

அடுத்தது எறும்பு. முக்காலி அல்லது சிறு மேசையின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தி, அதன்மேல் கூண்டை வைப்பது நம் வீடுகளில் பலகாரத் தூக்கைக் காப்பாற்றக் கையாண்ட பழைய முறை. இன்றும் அதைவிடச் சிறந்தது எதுவும் இல்லை. தண்ணீரில் இரண்டு சொட்டுச் சோப்புக் கரைசல் விட்டால் எறும்பு மிதந்து கடக்க முடியாது. கொசு முட்டையிடாமல் இருக்க, அந்தத் தண்ணீரை இரண்டு மூன்று நாளுக்கொரு முறை மாற்றிவிட வேண்டும். கூண்டு சுவரையோ திரைச்சீலையையோ தொட்டுக்கொண்டிருந்தால் எறும்பு அந்த வழியாக வந்துவிடும். தரையில் எறும்பு சாக்குக்கட்டியால் கோடு போடுவதை மட்டும் செய்யக் கூடாது. அது பூச்சிக்கொல்லி, எறும்பைக் கொல்வது வண்ணத்துப்பூச்சியையும் கொல்லும்.

கொசு மருந்து இதைவிடப் பெரிய சிக்கல், ஏனென்றால் சென்னையில் மாலையானால் ஏதாவது ஒரு கொசு மருந்து எரியாத வீடு அரிது. கொசுவர்த்திச் சுருள், மின்சாரத்தில் சூடாகும் திரவ மருந்து, தெளிப்பான், ஊதுபத்தி வடிவில் விற்கும் கொசு மருந்து ஆகியவற்றில் பெரும்பாலானவை பைரித்ராய்டு என்னும் ஒரே குடும்பத்து நச்சுகள். கொசுவைச் செயலிழக்கச் செய்யும் அதே வழியில் அவை வண்ணத்துப்பூச்சியின் நரம்பையும் தாக்குகின்றன. கூண்டு இருக்கும் அறையில் அந்தச் சில நாட்களுக்கு இவற்றில் எதையும் பயன்படுத்தாமல், படுக்கைக்குக் கொசுவலை கட்டிக்கொள்வதே வழி. பக்கத்து அறையில் மருந்து எரிந்தால் கதவை மூடி வைக்க வேண்டும். மழைக்காலத்தில் மாநகராட்சி ஊழியர்கள் தெருவில் கொசு ஒழிப்புப் புகை அடித்துக்கொண்டு வரும் சத்தம் கேட்டால், பால்கனியில் இருக்கும் கூண்டை உள்ளே கொண்டுவந்து, சன்னல்களைச் சாத்தி, புகை முழுவதும் கலைந்த பிறகே திறக்க வேண்டும்.

பல்லிக்கு வலை போதும், கிழிசல் இல்லாமல் பார்த்துக்கொண்டால் சரி. வீட்டில் பூனை இருந்தால் கூண்டை எட்டாத உயரத்தில் வைப்பது நல்லது.

காத்திருக்கும் நாட்கள்

சென்னை வெப்பத்தில் வெந்தய வரியனும் வெண்புள்ளிக் கருப்பனும் ஏறத்தாழ 7 முதல் 10 நாட்களிலும், எலுமிச்சை அழகியும் கறிவேப்பிலை அழகியும் ஏறத்தாழ 8 முதல் 12 நாட்களிலும் வெளிவரும். மார்கழி, தை மாதங்களின் குளிரில் இன்னும் சில நாட்கள் கூடும். அழகி இனங்களில் சில கூட்டுப்புழுக்கள் வாரக்கணக்கில் அப்படியே கிடந்து பிறகு வெளிவருவதும் உண்டு. ஆகவே நாள் கடந்துவிட்டது என்பதற்காகத் தூக்கியெறியக் கூடாது. உயிரோடு இருக்கிறதா என்று அழுத்திப் பார்ப்பதும் வேண்டாம்; சமையலறைத் தராசில் கிராமுக்கும் குறைவான எடையைக் காட்டும் வகை இருந்தால், எடை படிப்படியாகச் சிறிதளவே குறைவதை வைத்தும், இல்லையென்றால் நிறத்தை வைத்தும் அறிந்துகொள்ளலாம்.

புதியவர்களைப் பெரிதும் குழப்புவது கருமைதான். கூடு கறுப்பதற்கு இரண்டு பொருள் உண்டு. வெளிவருவதற்கு முந்தைய நாள் மேலுறை கண்ணாடிபோல் தெளிந்து, உள்ளே மடிந்திருக்கும் சிறகின் நிறமும் கோலமும் துல்லியமாகத் தெரியும். வெந்தய வரியனில் ஆரஞ்சு நிறமும், எலுமிச்சை அழகியில் மஞ்சள் கட்டங்களும் வெளித்தோன்றும். இது நல்ல கருமை. மாறாக, சிறகின் கோலம் எதுவும் தெரியாமல் திட்டுத்திட்டாகக் கறுத்து, தொட்டால் கொழகொழப்பாகி, நாற்றமடிக்கும் நீர் கசிந்தால் நோய் முற்றிவிட்டது என்று பொருள். அதை உடனே அகற்றி, தாளில் பொதிந்து அப்புறப்படுத்தி, கையைக் கழுவிய பிறகே மற்றவற்றைப் பார்க்க வேண்டும். வெற்றுக் கூட்டைப்போல எடை இழந்து, தட்டினால் சலசலப்பதும் இறந்ததே.

வெளிவரும் காலை

பெரும்பாலும் காலை நேரத்தில்தான் வெளிவரும். தலைப்பக்கத்து மூடி விரிசல் விட்டதும், பூச்சி கால்களால் தள்ளிக்கொண்டு ஒரு நிமிடத்துக்குள் வெளியே வந்துவிடும். ஆகவே பார்க்க விரும்புபவர்கள் கூடு தெளிந்த மறுநாள் விடிந்ததிலிருந்தே கூண்டின் அருகில் இருக்க வேண்டும். வெளிவந்தவுடன் அதைப் பார்ப்பவர்கள் ஏமாந்துபோவதும் உண்டு. பருத்த வயிறும், நனைந்த துணித்துண்டு போல் சுருங்கிய சிறகுமாக, படத்தில் பார்த்த வண்ணத்துப்பூச்சிக்குச் சிறிதும் தொடர்பில்லாமல் இருக்கும். அது மேலே ஏறித் தொங்கி, வயிற்றிலுள்ள நீர்மத்தைச் சிறகின் நரம்புகளுக்குள் செலுத்தத் தொடங்கியதும், பத்து இருபது நிமிடத்தில் சிறகு முழு அளவுக்கு விரிந்துவிடும். இதே நேரத்தில் இரண்டு இழைகளாகப் பிரிந்திருக்கும் உறிஞ்சுகுழலை மீண்டும் மீண்டும் சுருட்டியும் நீட்டியும் ஒன்றாக இணைத்துக்கொள்ளும். பிறகு செந்நிறமாகவோ பழுப்பாகவோ ஒரு திரவத்தைக் கழிக்கும். குழந்தைகள் இரத்தம் என்று பயப்படுவார்கள். அது கூட்டுக்குள் இருந்த நாட்களில் சேர்ந்த கழிவு.

பாதி வெளிவந்து நிற்கிறதே என்று இரக்கப்பட்டுக் கூட்டை உரித்து உதவுபவர்கள், பெரும்பாலும் அதன் காலையோ சிறகையோ முறித்துவிடுகிறார்கள். உதவி செய்யக்கூடிய இடம் ஒன்றே ஒன்று: வெளிவந்த பூச்சி பிடியை விட்டுக் கீழே விழுந்துவிட்டால், விரலையோ குச்சியையோ அதன் முன்கால்களுக்கு நேராக நீட்டி, அது பற்றியதும் தூக்கி வலையில் விட வேண்டும். இதைச் சில நிமிடங்களுக்குள் செய்ய வேண்டும். ஒரு மணி நேரம் தாண்டினால் சிறகு மடிந்த நிலையிலேயே இறுகிவிடும், பிறகு திருத்த முடியாது.

கறிவேப்பிலைத் தொட்டியிலிருந்து எடுத்த கூட்டிலிருந்து, கரிய சிறகில் சிவப்பும் வெள்ளையும் கலந்த பூச்சி வெளிவந்து, சிவப்புடல் அழகியோ என்று சிலரைத் திகைக்க வைக்கும். அது கறிவேப்பிலை அழகியின் பெண். அந்த இனத்தில் பெண் பூச்சிகள் மூன்று வடிவங்களில் வருகின்றன: ஒன்று தன் ஆணைப் போலவே இருக்கும், மற்ற இரண்டும் பறவைகள் தின்ன விரும்பாத சிவப்புடல் அழகியையும் ரோஜா அழகியையும் போல வேடம் போட்டிருக்கும். ஆல்ஃப்ரெட் ரஸ்ஸல் வாலஸ் 1865-இல் வெளிவந்த தம் ஆய்வில் இந்தப் பெண் வடிவங்களை விளக்கியிருக்கிறார். உடலைப் பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும்: நஞ்சுள்ள அந்த இரண்டு இனங்களுக்கும் உடலில் சிவப்பு இருக்கும், வேடம் போட்ட பூச்சிக்கு உடல் கறுப்பாகவே இருக்கும்.

பறக்கவிடுதல்

சிறகு விரிந்தவுடன் பறந்துவிட முடியாது. இறுகுவதற்கு இரண்டு முதல் நான்கு மணி நேரம் வேண்டும். பூச்சி சிறகை மெல்லத் திறந்து மூடத் தொடங்கி, கூண்டுக்குள் வெளிச்சமுள்ள பக்கம் தாவினால் அது ஆயத்தமாகிவிட்டது. காலையில் வெளிவந்ததை முற்பகலில், வெயில் உறைக்கும் முன் விடுவது நல்லது. கோடையில் நண்பகல் வெயிலில் கொண்டுபோய் விட வேண்டியதில்லை. பிற்பகல் நெடுநேரம் கழித்து வெளிவந்ததை அன்றிரவு கூண்டிலேயே வைத்துக்கொண்டு மறுநாள் காலையில் விடலாம். முதல் நாள் அதற்கு உணவு தேவைப்படாது.

கூண்டையே வெளியே கொண்டுசென்று திறந்து வைத்து, அது தானாகப் போக விடுவது சிறந்த முறை. கையால் எடுக்க வேண்டுமானால் விரலை முன்கால்களுக்கு அருகில் வைத்து ஏறச் செய்யலாம். சிறகைப் பிடித்தால் செதில்கள் பொடியாக ஒட்டிக்கொண்டு வரும். எங்கே கண்டெடுக்கப்பட்டதோ அந்தத் தெருவிலேயே, பூக்கும் செடியின் மேல் விட வேண்டும். காக்கையும் கரிச்சானும் உட்கார்ந்திருக்கும் கம்பிக்கு நேர்கீழே விடக் கூடாது. கைதட்டி மேலே எறிந்து பறக்கவிடுவது படத்துக்கு நன்றாக இருக்கலாம், பூச்சிக்கு நல்லதல்ல.

ஐப்பசி, கார்த்திகை மழைதான் சென்னையில் இடையூறாக வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பெய்ததுபோல் நாள்கணக்கில் மழை ஓயாமல் பெய்தால் விடுவதைத் தள்ளிப்போட வேண்டும், அதுவரை உணவும் கொடுக்க வேண்டும். ஒரு பங்கு சர்க்கரையைப் பத்துப் பங்கு தண்ணீரில் கரைத்து, பஞ்சை நனைத்து ஒரு தட்டில் வைத்து, பூச்சியை அதன்மேல் நிற்கச் செய்தால் பெரும்பாலும் கால்களாலேயே சுவையறிந்து குழலை நீட்டிவிடும். நீட்டாவிட்டால், சிறகு நான்கையும் முதுகுக்கு மேல் சேர்த்து மென்மையாகப் பிடித்துக்கொண்டு, பல்குத்தும் குச்சியின் மழுங்கிய முனையால் சுருளை மெல்ல நீட்டிப் பஞ்சில் தொடச் செய்யலாம். நாளுக்கு இரண்டு முறை போதும். பஞ்சைத் தினமும் மாற்றாவிட்டால் கரைசல் புளித்துவிடும், எறும்பும் தேடி வரும். நன்கு கனிந்த வாழைப்பழத் துண்டையும் வைக்கலாம்.

சிறகு மடிந்தே நின்றுவிட்ட பூச்சியைத் தெருவில் விட்டால் அன்றைக்கே எறும்புக்கு இரையாகும். அதைக் கூண்டிலேயே வைத்து, மேற்சொன்ன வகையில் உணவூட்டினால் சில நாட்களேனும் வாழும்.

விட்ட பிறகு

கூண்டை அப்படியே அடுத்ததற்குப் பயன்படுத்தக் கூடாது. அடித்தாளை அகற்றி, வலையைச் சோப்பு நீரில் அலசி, நோயுற்றது ஏதேனும் இருந்திருந்தால் நீர்த்த பிளீச்சிங் பவுடர் கரைசலில் சிறிது நேரம் ஊறவைத்து, வாடை போகும்வரை கழுவி, மொட்டைமாடி வெயிலில் ஒரு நாள் காய வைக்க வேண்டும். குச்சிகளைத் தூக்கியெறிந்துவிட்டுப் புதியவற்றை எடுத்துக்கொள்ள வேண்டும்.

மீண்டும் மீண்டும் வளர்க்க விரும்புபவர்கள், புழுவைத் தேடி அலைவதைவிடச் செடியை வைப்பது மேல். சமையலுக்கு ஒரு கறிவேப்பிலைத் தொட்டி, புழுவுக்கு ஒரு தொட்டி என்று இரண்டு இருந்தால் வீட்டில் சச்சரவு வராது. சமையலுக்கான செடியில் காணும் புழுவை மற்றதற்கு மாற்றிவிடலாம். தேனுக்கு இட்லிப்பூ, நித்தியகல்யாணி போதும்; தரையில் தானாக முளைக்கும் வெட்டுக்காயப்பூண்டைப் பிடுங்காமல் விட்டால் அதிலும் வந்தமரும். வரியனையும் கருப்பனையும் வரவழைக்க விரும்பினால் கிலுகிலுப்பையும் தேள்கொடுக்குச் செடியும் ஒரு மூலையில் இருக்கட்டும். அவற்றின் காய்ந்த தண்டையும் இலையையும் ஆண் பூச்சிகள் தேடிவந்து உறிஞ்சுவதால், வாடிவிட்டது என்று வெட்டிவிட வேண்டாம்.